எலும்பு கூடும் காலம்

ஐப்பசி மாதத்து அடைமழை ஓய்ந்து இரண்டு நாட்கள்கூட ஆகாத ஒரு காலை வேளையில், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடையைத் தாண்டும்போது, பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கி, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி விழுந்தேன். விழுந்த கணத்தில் வலி தெரியவில்லை. காய்ந்த மூங்கில் கழியை முழங்காலில் வைத்து ஒடித்தால் எழுவது போன்ற ஒரு சப்தம், காதால் கேட்டேனா கையின் வழியாகவே உணர்ந்தேனா என்று இன்றும் என்னால் பகுத்துச் சொல்ல இயலாத ஒரு சப்தம், எழுந்து அடங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தபோது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை தன் நேர்கோட்டை இழந்து, காம்பு வளைந்த அகப்பையைப் போலப் புறங்கைப் பக்கமாக மேடிட்டிருந்தது.

விழுகிறவன் கையை நீட்டுவது யோசித்துச் செய்யும் காரியம் அன்று. தலையும் முகமும் தரையில் மோதாதிருக்க, புத்தி விழித்துக்கொள்ளும் முன்பே நரம்பு மண்டலம் கையை முன்னே அனுப்பிவிடுகிறது. அப்படி முன்னே சென்ற கையில், சுண்டுவிரல் பக்கத்து அரந்தி எலும்பைக் காட்டிலும் கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பே உள்ளங்கையின் பாரத்தை மிகுதியாக ஏற்கிறது. ஆகவே பெரும்பாலும் முறிவதும் அதுவே. 1814-ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ், இந்த முறிவின் ஸ்வரூபத்தைத் தெளிவாக விவரித்து எழுதினார். உள்ளே இருப்பதை ஊடுருவிக் காட்டும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், விரல்களால் தடவிப் பார்த்தே அவர் அதை அறிந்தார் என்பது என் மனத்தில் நீங்காத ஆச்சரியம். ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பரில்தான். அடுத்த பிப்ரவரி பிறந்ததுமே அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஒரு சிறுவனின் முறிந்த மணிக்கட்டைப் படமெடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வைத்தியரின் விரலுக்கு இருந்த அறிவில் ஒரு பகுதி படச்சுருளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

என்னுடன் வழிகாட்டியாக வந்திருந்தவர் ஒரு மலையாளிப் பெரியவர். கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாரோடு அவர்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. "அசையாதீங்க சார், கையை அப்படியே வயித்தோட அணைச்சு வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுவாளால் ஒரு மூங்கிலைப் பிளந்து, முழங்கையிலிருந்து விரல் அடி வரைக்கும் நீளமாக இரண்டு தப்பைகள் சீவினார். என் துண்டைக் கிழித்து ஒரு பாதியைத் தப்பைகளுக்கு மெத்தையாகச் சுற்றி, மற்றொரு பாதியால் மேலும் கீழுமாகக் கட்டினார். முறிந்த இடத்துக்கு நேர்மேலே மட்டும் கட்டு விழாமல் பார்த்துக்கொண்டார். கட்டி முடித்ததும் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, வெளுத்த நகம் மறுபடி சிவப்பதைக் கவனித்தார்; "விரலை ஆட்டிக் காட்டுங்க" என்றார். அன்று பிற்பகல் கள்ளக்குறிச்சியில் என்னைப் பார்த்த மருத்துவரும் முதன்முதல் செய்தது அதே காரியந்தான்: நகத்தை அழுத்தினார், விரலை அசைக்கச் சொன்னார்.

இந்தச் சிம்பு கட்டும் வித்தை மிகப் பழமையானது. சுஸ்ருத சம்ஹிதையில் எலும்பு முறிவுக்கு ஆல், அத்தி, அரசு முதலிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் வைத்துக் கட்டும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. முறிந்த எலும்பின் முனை உடைந்த கண்ணாடியைப் போலக் கூர்மையானது; வழியில் நேரும் ஒவ்வோர் அசைவிலும் அது சுற்றியுள்ள சதையையும் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் குத்திக் கிழிக்கும். அசையாமல் வைப்பதால் வலி குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் வலியைவிடப் பெரிய சேதம் ஒன்று அதனால் தடுக்கப்படுகிறது. சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து டோலி கட்டி நோயாளியைச் சுமந்துவரும் வழக்கம் இந்த மலைகளை விட்டு இன்னும் முற்றும் நீங்கிவிடவில்லை. அங்கெல்லாம் முதல் ஒரு மணி நேரத்து மூங்கில் தப்பை, பின்னால் வரப்போகும் அத்தனை சிகிச்சைக்கும் அஸ்திவாரமாகிறது.

டோலி என்றதும் ஈவ்லின் பிராண்ட் அம்மையாரை நினையாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்து, கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் கொல்லிமலையில் குடியேறிய அவர், கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும், ஓய்வு பெறும் வயது கடந்த பிறகும் மலையை விட்டு இறங்க மனமின்றி, கொல்லிமலையிலும் அதைச் சூழ்ந்த மற்ற மலைத்தொடர்களிலும், நம் கல்வராயனிலுங்கூட, ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்தவர். தம் 75-ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நான்கு பேர் அவரைக் கட்டிலில் வைத்து மலைப்பாதையில் சுமந்து இறக்கினார்கள். எலும்பு கூடியதும், இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியபடி அவர் மறுபடி மலையேறிவிட்டார். தொண்ணூற்றைந்து வயது வரை வாழ்ந்தார். கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு அவருக்குப் பிறந்த மகன்தான், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட். அவரைப் பற்றிப் பின்னரும் சொல்ல வேண்டியிருக்கும்.

கள்ளக்குறிச்சியில் என் கையை மரக்கச் செய்து, ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள மற்றொருவர் விரல்களைப் பற்றி நிதானமாக இழுத்து, எலும்பைப் பழைய ஸ்தானத்தில் நிறுத்தி, மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த மாவு கையில் படும்போது முதலில் ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது. சில நிமிஷங்களில், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி சுற்றித் தொட்டாற்போல இதமான ஒரு சூடு பரவிற்று. அந்தச் சூட்டின் காரணம் ரசாயனம். ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 டிகிரி வரை சூடாக்கினால், அதன் உடம்பில் கலந்திருக்கும் நீரில் முக்கால் பங்கு பிரிந்துபோய், மாவாகிறது. மறுபடி நீர் சேர்த்தால், இழந்த நீரை உறிஞ்சிக்கொண்டு, ஊசி ஊசியான படிகங்களாக ஒன்றோடொன்று பின்னி, கல்லாக இறுகுகிறது. பிரிவதற்காக உண்ட உஷ்ணத்தைச் சேரும்போது திருப்பித் தருகிறது. ஹாலந்து தேசத்து ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மாத்தைசென், 1850-களின் தொடக்கத்தில், இந்த மாவைத் துணிச் சுருளில் தடவி வைத்து நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். பிறகு கிரீமியப் போரில் ருஷ்ய மருத்துவர் பிரகோவ் அதைப் போர்க்களத்தில் பயன்படுத்தினார். மாவு இறுகச் சில நிமிஷங்கள் போதும். உள்ளீரம் முற்றும் உலர ஒன்றிரண்டு நாள் வேண்டும். அது வரையில் கட்டை மேசை விளிம்பில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் பள்ளம் விழுந்து உள்ளே சதையை அழுத்தும்.

முதல் மூன்று நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் கை பிழைப்பதும் பாழாவதும் பல சமயம் அந்த நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து வீக்கம் ஏறுவது இயல்பு. சுற்றிலும் இறுகிய கட்டு இருக்கும்போது வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லை. அது உட்புறமாகவே அழுத்துகிறது. முன்கையின் தசைகள் எளிதில் நெகிழாத உறைகளுக்குள் இருப்பவை. அந்த உறைக்குள் அழுத்தம் உயர்ந்தால், மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கித் தசைக்கு இரத்தம் போவது நின்றுவிடும். ஆறு மணி நேரம் அப்படியே விட்டால் தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை பிற்பாடு நாராகச் சுருங்கி, விரல்களைப் பருந்தின் நகம் போல உள்ளே இழுத்து நிறுத்திவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-ல், இதற்குக் காரணம் அளவுக்கு மிஞ்சி இறுகிய கட்டே என்று எழுதினார். அந்த ஊனத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. எங்கள் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்கும் எண்ணெய்க் கட்டுக்கும் போகிறவர்கள் ஏராளம். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பால் இறுக்கும் நாட்டு வைத்தியத்தில் தேர்ந்த கைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்த ஒரு குடும்பத்தில், பதினோரு வயதுப் பையன் இரவெல்லாம் வலியில் கதறியும், "கட்டு பிடிக்குது, அப்படித்தான் வலிக்கும்" என்று சமாதானம் சொல்லி விடியும்வரை அவிழ்க்காதிருந்தார்கள். அவன் கை சூம்பிப்போயிற்று. இன்று அந்த விரல்களால் பேனா பிடிக்க முடியாது. மாவுக்கட்டும் இதே தீங்கைச் செய்யக் கூடியதுதான். குற்றம் மூங்கிலிலும் இல்லை, ஜிப்சத்திலும் இல்லை. வலி சொல்வதைக் கேளாமல் இருப்பதில் இருக்கிறது.

அந்த வலியை அடையாளங்காண்பது கடினமன்று. முறிவின் வலி, கையை உயர்த்தி வைத்து அசையாதிருந்தால் மணிக்கு மணி தணியும். நசுங்கும் தசையின் வலியோ எதற்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். விரல்களைப் பிறர் மெதுவாக நிமிர்த்தினாலே உயிர் போவதுபோல இருக்கும். பிறகு விரல் மரக்கும், எறும்பு ஊர்வது போலிருக்கும், சில்லிட்டு வெளுக்கும். இந்தக் குறிகளில் முதலாவது தோன்றியவுடனேயே, நடு இரவானாலும், மழையானாலும், கட்டை முழுநீளத்துக்கும் பிளந்து தளர்த்த வேண்டும். மற்றவை தோன்றும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தொழுநோயாளிகளின் கைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் சிதைவதற்கு முக்கியமான காரணம் நோய்க்கிருமி நேரே அரிப்பதன்று; வலியுணர்ச்சி மாய்ந்துபோனமையால் சூட்டையும் காயத்தையும் அறியாமல் அவர்களே தங்கள் கைகளைச் சிதைத்துக்கொள்வதுதான் என்று கண்டார். வலியை மனிதனுக்குக் கிடைத்த கொடையென்றே அவர் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். என் கையில் வலி இருந்த அந்த இரவுகளில், பக்கத்து மலையில் பிறந்த அந்த மனிதரின் வார்த்தை எனக்குப் புத்தகத்து வாசகமாகத் தோன்றவில்லை.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். வலக்கை ஓய்ந்தவன் தன் நாளின் ஒவ்வொரு சிறு செயலையும் புதிதாகக் கற்க வேண்டியவனாகிறான். வேட்டி கட்ட இரண்டு கை வேண்டும்; ஆகையால் என் மனைவி முன்கூட்டியே முடிந்து வைத்த லுங்கியோடு ஆறு வாரம் கழிந்தது. சட்டையை அணியும்போது கட்டுள்ள கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்ற சூட்சுமத்தை மூன்றாம் நாளில் கண்டேன். கண்டவுடன் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குளிக்கும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, வாயை ரப்பர் வளையத்தால் கட்டி, கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, இடக்கையால் மொண்டு ஊற்றிக்கொள்வேன். எல்லாவற்றிலும் கடினம் உண்பது. இடக்கையால் சாப்பிடுவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாதது. என் தாயார் அதைக் காண மனம் பொறாமல், கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டையாக உருட்டிக் குழம்பில் தோய்த்து, நாற்பது வருஷத்துக்குப் பிறகு எனக்கு மீண்டும் ஊட்டினார்கள்.

உறங்கும்போது கையைத் தலையணையின் மேல், இருதயத்தைவிட உயரமாக வைக்கச் சொன்னார்கள். இரத்தமும் நிணநீரும் சரிவில் ஓடும் ஓடையைப் போலத் திரும்பி வரட்டும் என்பதே அதன் உத்தேசம். இரண்டாம் வாரத்தில் கட்டுக்குள் நமைச்சல் தொடங்கியது. உதிர வேண்டிய தோலின் பழைய செதில்கள் வியர்வையுடன் உள்ளேயே தங்கிவிடுவதால் வரும் நமைச்சல் அது. ஈர்க்குச்சியையோ பென்சிலையோ உள்ளே விட்டுச் சொறியத் தோன்றும், கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பில் சீழ் பிடித்தால் வெளியே எவருக்கும் தெரியாது. கட்டின் மேலே விரலால் தட்டினாலும், மின்விசிறிக் காற்றில் வைத்தாலும் சற்று அடங்கும்.

இத்தனை நாளும் கட்டுக்குள்ளே நடந்துகொண்டிருந்தது என்ன? எலும்பு என்றால் சுண்ணாம்புக் கல்லைப் போன்ற ஜடம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு கோழிக்கால் எலும்பைக் காடியில் சில நாட்கள் ஊறப் போட்டால், சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், ரப்பரைப் போல வளையும் ஒரு நார்ப்பொருள் மிஞ்சும். மற்றோர் எலும்பை நெருப்பில் சுட்டால், நார்ப்பொருள் எரிந்து, தொட்டால் நொறுங்கும் வெண்சுண்ணம் மிஞ்சும். வளைவைத் தரும் கொலாஜன் நாரும் கடினத்தைத் தரும் கால்சியம் பாஸ்பேட் படிகமும் பின்னிய பின்னல்தான் எலும்பு. அதன் நடுவே உயிரணுக்கள் குடியிருக்கின்றன. பழையதைக் கரைக்கும் அணுக்கள் ஒரு வகை, புதியதைக் கட்டும் அணுக்கள் மற்றொரு வகை. ஆரோக்கியமான மனிதனிடத்திலேயே ஆண்டுதோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிக் கரைந்து புதிதாகிறது.

முறிந்தவுடன் கசிந்த இரத்தம் உறைந்து முனைகளைச் சூழ்ந்துகொள்கிறது. அந்த உறைவுக்குள் முதல் வாரத்திலேயே புதிய நுண்குழாய்கள் முளைத்து, மிருதுவான ஒரு திசு உண்டாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது குருத்தெலும்பாகவும் நாராகவும் மாறி, முனைகளைச் சுற்றி ஒரு முடிச்சுப்போலப் பருக்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, ஆறு வாரம் ஆகும்போது கையைத் தாங்கத்தக்க எலும்பாகிறது. நேராகவே எலும்பை வைத்துவிடாமல், இயற்கை ஏன் இப்படிச் சுற்றிப் போக வேண்டும்? ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் பெரன் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் தோன்றும் இளந்திசு, தன் நீளத்துக்குச் சமமாக இழுபட்டாலும் அறாது. குருத்தெலும்பு நூற்றில் பத்துப் பங்கு வரை தாங்கும். எலும்போ நூற்றில் இரண்டு பங்கு நீட்சியிலேயே பிளந்துவிடும். ஆகவே முனைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது எலும்பு பிறக்கவே முடியாது. ஆட்டத்தைத் தாங்கவல்ல இளந்திசு முதலில் வந்து ஆட்டத்தைச் சற்றுக் குறைக்கிறது. அந்தக் குறைவில் குருத்தெலும்பு பிழைக்கிறது. அது இன்னும் குறைத்துக் கொடுக்கும் இடத்தில் எலும்பு பிறக்கிறது. சாரம் கட்டுகிறவன் வந்துபோன பிறகு கொத்தனார் ஏறுவதைப் போல, ஒவ்வொரு பொருளும் தனக்குப் பின் வருவதற்கு இடம் பண்ணிவிட்டு மறைகிறது. மாவுக்கட்டின் வேலை, இந்தக் கிரமத்துக்கு இடையூறு நேராமல் காப்பது மட்டுந்தான். எலும்பைக் கூட்டுவது கட்டு அன்று.

என்ன சாப்பிட்டால் சீக்கிரம் கூடும் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கல்வராயன் மலைச் சரிவுகளில் சாமையோடும் தினையோடும் விளையும் கேழ்வரகில், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு 1000 மில்லிகிராம். தாயார் ஊட்டிய களிக்கு அப்படி ஒரு நியாயம் இருந்தது. பருப்பும் முட்டையும் நார்ப்பொருளுக்கு வேண்டிய புரதத்தைத் தருகின்றன. வெயில் உடம்பில் பட்டால், கால்சியத்தைக் குடலிலிருந்து ஏற்க உதவும் வைட்டமின் டி உண்டாகிறது. பிரண்டைத் துவையலும் நாள்தோறும் வந்தது. எலும்பைச் சேர்ப்பது என்ற பொருளிலேயே அதற்கு வடமொழியில் பெயர் உண்டு. 1960-களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் டாக்டர் உடுப்பாவும் அவர் சகாக்களும் பிராணிகளிடம் சோதித்து, முறிவு விரைவில் கூடுவதாக எழுதினார்கள். மனிதரிடம் அது அதே அளவுக்குப் பலிக்கும் என்று உறுதி கூற, இதுவரை நடந்த சோதனைகள் போதா. எனினும் புளியும் உளுத்தம்பருப்பும் சேர்த்து வறுத்தரைத்த அந்தத் துவையலை நான் மறுக்கவில்லை. நிச்சயமாக எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவது புகைப் பழக்கம். நுண்குழாய்கள் முளைப்பதையே அது கெடுத்துவிடுகிறது.

கை ஓய்ந்திருக்கும்போது மூளையும் சும்மா இருப்பதில்லை என்பது சமீப காலத்தில் தெரியவந்த விந்தை. வலக்கையில் அடிபட்டுக் கட்டுடன் இருந்த பத்துப் பேரை ஜூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் படமெடுத்துப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் இரண்டு வார காலத்துக்குள்ளாகவே, வலக்கையை இயக்கும் இடது மூளைப் பகுதியின் மேலுறை கனம் குறைந்தும், இடக்கைக்குரிய வலது மூளைப் பகுதி கனம் கூடியும் இருந்தன; இடக்கையின் திறமையும் வளர்ந்திருந்தது. என் இடக்கை எழுத்து முதல் வாரத்தில் கோழி கிளறியது போலவும், ஐந்தாம் வாரத்தில் அஞ்சல்காரர் வாசிக்கக் கூடியதாகவும் இருந்ததற்கு உள்ளே ஒரு கட்டட வேலை நடந்திருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1894-ஆம் ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பயிற்சி பெறாத மற்றக் கையும் ஓரளவு வலுப்பெறுவதைக் கண்டார். ஆகவே நல்ல கையால் ரப்பர் பந்தை அழுத்திப் பழகுவது, கட்டுக்குள் இருக்கும் கைக்கும் செய்யும் உபகாரமாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துப் பிற்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களின் இல்லாத கையில் தோன்றும் வலியை ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியால் தணித்துக் காட்டினார். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையென்று மூளை நம்பிவிடுகிறது. முறிவு கூடிய பின்னும் வலி விடாத சிலருக்கு இன்று அதே கண்ணாடியை வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள்.

கட்டுக்குள் கை அசையாதிருந்தாலும், கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும், முழங்கையையும், தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும் என்பதைக் கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னார்கள். முறியாத தோள், தூக்குத் துணியில் வாரக்கணக்கில் ஓய்ந்திருந்த ஒரே காரணத்தால் இறுகிப்போய், கை கூடிய பிறகும் தலைவார முடியாமல் தவிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். மணிக்கு ஒரு முறை விரல்களை முழுதும் மடக்கி முழுதும் விரிப்பதும், கையைத் தலைக்கு மேல் உயர்த்துவதும் பெரிய பிரயாசை அல்ல.

ஆறாம் வார முடிவில் கட்டை வெட்டினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மருத்துவர் ஹோமர் ஸ்டிரைக்கர் உருவாக்கிய அந்த ரம்பம் போடும் இரைச்சலில் எவர் மனமும் நடுங்கும். அதன் வட்டத் தகடு சுழல்வதில்லை; இருபுறமும் மிகச் சிறிதளவு அதிவேகமாக அதிர்கிறது. இறுகிய மாவு அதிர்வுக்கு இடம் கொடாமல் அறுபடுகிறது. நெகிழும் தோல் கூடவே அசைந்து தப்பிவிடுகிறது. கட்டு இரண்டாகப் பிளந்து விழுந்தபோது உள்ளிருந்து வெளிவந்த கையை என் கையென்று ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. சூம்பி, வெளிறி, உளுந்தங்களி காய்ந்தாற்போலச் செதில் செதிலாய் உரிந்து, மயிர் மட்டும் அடர்ந்து கருத்து நீண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் பாரமாக இருந்தது. வலியைக் காட்டிலும் எனக்குப் பெரிதாக இருந்தது பயம். எதைத் தொட்டாலும் மறுபடி முறிந்துவிடுமோ என்று கையை மார்போடு அணைத்துக்கொண்டே திரிந்தேன்.

அந்தப் பயந்தான் இரண்டாவது நோய். பெர்லின் நகரத்து யூலியஸ் வோல்ஃப் 1892-ல் நிலைநாட்டியதுபோல, எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்பவே தன்னை அமைத்துக்கொள்கிறது. டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கையில் எலும்பு மற்றதைவிடப் பருத்திருக்கும். பாரமற்ற வானவெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரருக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒன்றரைப் பங்கு வரை கரைகிறது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்தின் ஸ்தபதிகளை அவர்கள் பட்டறையில் போய்ப் பாருங்கள்: உளி பிடிக்கும் இடக்கைக்கும் கொட்டாப்புளி ஓங்கும் வலக்கைக்கும் திரட்சியில் உள்ள பேதம் கண்ணுக்கே தெரியும். ஆறு வாரம் அசையாதிருப்பது எப்படி மருந்தோ, ஆறாம் வாரத்துக்குப் பின் அசைப்பது அப்படியே மருந்து. வெந்நீரில் கையை வைத்து மணிக்கட்டை மடக்கி நிமிர்த்துவது, ஈரத் துணியைப் பிழிவது, கேழ்வரகு மாவைப் பிசைவது என்று படிப்படியாகச் செய்யச் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் கீழ், வெளியே வர இயலாதவரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வரும் ஏற்பாடும் இன்று உண்டு. மலையூர்களுக்கு அதன் அவசியம் மற்ற எல்லா ஊர்களையும்விட அதிகம். எலும்பு கூடிய பின் இறுகிப்போன கையைப் பிடித்து அசைத்துவிட அங்கே வேறு ஆளில்லை.

கடைசியில் திரும்பி வந்த அசைவு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போன்றது என்பதால் மேல்நாட்டாரும் ஆரை எலும்புக்கு அதே பொருளில்தான் பெயர் வைத்தார்கள். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஆரை அரந்தியின் குறுக்கே புரண்டு விழுகிறது. நிமிர்த்தும்போது மறுபடி அதன் பக்கத்தில் இணையாக வந்து நிற்கிறது. சிறிது கோணலாகக் கூடினாலும், சுற்றியுள்ள நார்கள் சுருங்கினாலும், இந்தப் புரளல் தடைப்படுகிறது. சாவியைத் திருகவும், சில்லறை வாங்கவும், கோயிலில் தீர்த்தம் ஏற்கவும் இந்த ஓர் அசைவு வேண்டியிருக்கிறது என்பதை அது போன பிறகே அறிந்தேன். நான்கு மாதம், நாள்தோறும், ஒரு சுத்தியலின் காம்பு நுனியைப் பிடித்து அதன் தலையின் பாரத்தால் கையை மெல்ல மெல்லத் திருப்பினேன்.

பங்குனியில் மறுபடி வெள்ளிமலைக்குப் போனேன். ஓடை வற்றி, பாறை பாசியின்றி வெளுத்துக் கிடந்தது. மேட்டுப் பக்கத்தில் ஒரு ஊற்றுக்கண் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. பெரியவர் குனிந்து இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு, "நீங்களும் குடிங்க சார்" என்று நகர்ந்து இடம் விட்டார். இரு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். வலக்கை இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தே நின்றது. அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நீர் வழிந்து முழங்கை வரை ஓடிற்று. மிச்சத்தைக் குடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, முறிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்து, "முடிச்சு கரைஞ்சுகிட்டு வருது" என்றார்.